பட்டு சொக்ஸ்காரருக்குப் பழைய பூட்ஸ்

வேட்டைக்காரர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி என் தங்கையின் மருமகன் கேட்டிருக்கிறார். ஈஸ்ட் ஹாமில் அவர் நடத்தும் சப்பாத்துக் கடையில் இப்போது மலை ஏறுகிறவர்களுக்கும் வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் பூட்ஸ் விற்கத் தொடங்கியிருக்கிறாராம். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளாகிய நீங்கள் அந்த வாடிக்கையாளர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டுமாம். சொல்லலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. அந்த நல்ல நாலு வார்த்தைக்குத்தான் நான் எங்கே போவேன் என்று தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகள் முடியும்வரை லண்டனின் மத்தியில், வேட்டைக்கான உடுப்புகளும் சாமான்களும் விற்கும் ஒரு பழைய கடையில், பூட்ஸ் பகுதியில் வேலை செய்தேன். கடையின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவர்கள் பெருமைப்படுவார்கள். நோர்பரியிலிருந்து காலை ரயிலில் வந்து, நாள் முழுக்க முழங்காலில் இருந்து, கனவான்களின் பாதங்களை அளந்து பூட்ஸ் மாட்டிவிடுவதுதான் என் தொழில். ஊரார் காலைப் பிடிக்கிற வேலை என்று என் மாமியார் கடைசிவரை இதை அக்கம்பக்கத்தில் சொல்லவே இல்லை. மருமகள் ‘துணிக்கடையில்’ வேலை என்றுதான் நோர்பரி முழுக்கப் பேச்சு.

தோலில் எத்தனை வகை, எந்த அடித்தட்டு வழுக்காது என்பதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், கண் இருந்தால் வாசிக்கலாம். இப்படிப்பட்ட கட்டுரைகளில் தனக்குத் தொழில் கற்றுத்தந்த குருவைப் பற்றிக் கண் கலங்க எழுதுவதும் ஒரு வழக்கம். எனக்கு முன்பு அந்தத் தளத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எனக்குக் காட்டித் தந்தது இரண்டே விஷயம். ஒன்று, தேநீர் போடும் இடம். மற்றது, மனேஜர் வரும்போது தேநீர்க் கோப்பையை ஒளித்து வைக்கும் இடம். மனிதர் ஓய்வு பெற்றுப் போனபோது எனக்கு ஒரு துளி கண்ணீரும் வரவில்லை.

ஆனபடியால் நான் கற்றதெல்லாம் வாடிக்கையாளர்களிடமிருந்துதான். அவர்களுடைய நல்ல அனுபவமும் கெட்ட அனுபவமும் என் காதில்தான் வந்து விழும். அதில் ஒரு ஒழுங்கு இருந்ததை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டேன். மான் விழுந்தால் அது அவருடைய குறி. பறவைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தால் அது அவருடைய துப்பாக்கி, அவருடைய பாட்டனார், அவருடைய நாய். கால் நனைந்தால் மட்டும் அது என் பூட்ஸ். குளிர்காலம் முழுக்க இந்தக் கதையையே ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

ஒருவர் நனைந்த பூட்ஸைக் காயவைக்கிறேன் என்று சமையலறை அடுப்புக்குள் வைத்து மறந்துவிட்டார். தோல் கருவாடாகிவிட்டது. அதைக் காகிதப் பையில் கொண்டுவந்து, ‘இதுதான் உங்கள் தரமா?’ என்று கேட்டார். இன்னொருவர் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸில் ஓட்டை என்று கத்தினார். ஓட்டையைத் திருப்பிப் பார்த்தால் வரிசையாக நாய்ப் பல் பதிந்திருந்தது. அவருடைய நாய் அப்படிப்பட்ட நாய் இல்லையாம். நல்ல குடும்பத்து நாயாம். இதில் பகிடி என்னவென்றால், பெரும்பண்ணைகளில் பறவை சுடுகிற கனவான்கள் நடப்பதே இல்லை. அவர்கள் ஓர் இடத்தில் நிற்பார்கள். கூலிக்கு வந்த ஊர்ச்சனம் பற்றைக்குள் இறங்கித் தடியால் தட்டிப் பறவைகளைக் கிளப்பி, இவர்கள் தலைக்கு மேலே அனுப்பும். நிற்கிறவர்கள் எங்களிடம் மலை ஏறுகிற பூட்ஸ் வாங்குவார்கள். நடக்கிற சனம் எதைப் போட்டு நடந்தது என்று எந்தக் கனவானும் என்னிடம் சொன்னதில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஒரே ஒரு கிழவியைச் சொல்ல வேண்டும். வடக்கே எங்கோ தனியாக மான் வேட்டைக்குப் போகிற மனுசி. வரும்போதே தன் தடித்த கம்பளி சொக்ஸையும் கொண்டுவந்தா. அதைப் போட்டு பூட்ஸை மாட்டி, என்னை ஒரு வார்த்தை பேச விடாமல், கடையின் மரப்படிகளில் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு மத்தியானத்தையே ஓட்டினா. வாங்கிய பூட்ஸை வீட்டுக்குள்ளேயே பல வாரம் போட்டுத் திரிந்துவிட்டுத்தான் மலைக்குக் கொண்டுபோனாவாம். அதன்பின் அடித்தட்டு மாற்ற மட்டும்தான் அவவைக் கண்டிருக்கிறேன். நல்ல அனுபவம் என்பது அவ்வளவுதான், அதில் சொல்லக் கதையே இல்லை. கதை வேண்டுமென்றால் பட்டு சொக்ஸ்காரரைக் கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில், நகரத்தில் பங்குச்சந்தைப் பொடியன்கள் திடீரென்று பெரிய மனிதர்களாகிய காலம். பெரிய மனிதராகிவிட்டால் அடுத்து வேட்டைக்குப் போக வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் ஒரு நாள் வந்து என் முன்னால் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே பட்டில் சொக்ஸ். ஊதா நிறம். வேட்டை பூட்ஸை அந்தச் சொக்ஸின் மேலேயே போட்டுப் பார்க்கப் போகிறார் என்று விளங்கியபோது நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவருடைய பெரிய முதலாளி அவரை ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்கு அழைத்திருந்தார். அந்த முதலாளியும் எங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர்தான். அங்கே நல்ல பெயர் எடுத்தால் கம்பெனியில் பங்காளி ஆகலாம் என்று பட்டு சொக்ஸ்காரரே என்னிடம் சொன்னார். பூட்ஸ் மாட்டுகிறவளிடம் எதையும் சொல்லலாம் என்பது அவர்களுடைய நினைப்பு. சுவருக்குச் சொன்ன மாதிரித்தான்.

அவருடைய பாதம் நீளமானது, ஒடுங்கியது. ஒன்பதாம் அளவு வேண்டும் என்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே தான் எட்டு என்றார். தடித்த சொக்ஸ் போட்டால் எட்டுக்குள் விரல் மடங்கும் என்றேன். அப்படியானால் தடித்த சொக்ஸ் போடாமல் விட்டால் போயிற்று என்றார். எழும்பி நாலு அடி நடந்து பாருங்கள் என்றதற்கு, நடக்க வேண்டிய இடத்தில் நடந்துகொள்வேன் என்று பதில் வந்தது. கடைசியில் அவருடைய உண்மையான கவலை வெளியே வந்தது. புது பூட்ஸோடு போனால் இவன் நேற்று முளைத்தவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே! பூட்ஸ் பழையதாக இருக்க வேண்டும். சேறு பூசி ஏமாற்றுவது போதாது, உண்மையாகவே நடந்து தேய்ந்ததாக இருக்க வேண்டும். ‘உங்கள் ஆட்களில் ஒருவர் கொஞ்ச நாள் போட்டு நடக்கலாமே’ என்றார்.

எங்கள் மனேஜருக்கு ஒரு வியாதி. வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே ‘நிச்சயமாக’ என்று சொல்லிவிடுவார். இந்த முறையும் சொன்னார். அது எங்கள் கடையின் பழைய மரபு என்று வேறு சேர்த்துக்கொண்டார். அப்படி ஒரு மரபை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எட்டு அளவு பாதம் கடையில் செல்வத்துக்குத்தான் இருந்தது. செல்வம் எங்கள் ஊர்ப் பொடியன், கீழ்த்தளத்தில் பெட்டி கட்டுகிற வேலை. அகதியாக வந்து, செவன் கிங்ஸில் நாலைந்து பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். கல்யாணம் முடித்த கையோடு மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பெண்ணை லண்டனுக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார். நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்பது விசாவுக்கு நிபந்தனை. வேலை போனால் மனைவி வரமுடியாது. இது எனக்கும் தெரியும், மனேஜருக்கும் தெரியும். செல்வம் எதற்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்பதும் மனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

நான் மனேஜரிடம் போய்ச் சொன்னேன். தோல் எந்தக் காலுக்குப் பழகுகிறதோ அந்தக் காலுக்குத்தான் பழகும், செல்வத்தின் பாதம் முன்பக்கம் அகலம், அவருடையது ஒடுக்கம், இது சரிவராது என்றேன். ‘இரண்டும் எட்டுத்தானே’ என்றார் மனேஜர். அதற்கு மேல் அவரோடு பேச என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து செல்வம் அந்தப் பெரிய பழுப்பு பூட்ஸோடுதான் திரிந்தார். செவன் கிங்ஸிலிருந்து இல்ஃபோர்டுக்கு, அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு, மழைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் வேண்டுமென்றே நடந்தார். கருவேப்பிலை வாங்கப் போன கடையில், ‘என்ன அண்ணை, மான் இறைச்சியும் கிடைக்குமோ?’ என்று பகிடி. முதல் வாரம் குதிக்கால் தோல் உரிந்து நொண்டிக்கொண்டு வந்தார். நான் திட்டினேன். ஒரு திங்கட்கிழமை அவருடைய முகம் வாடிக் கிடந்ததைக் கண்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை அக்கா. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனனான். வெளியிலை நிண்டுதான் கும்பிட்டனான்.”

“ஏன், உள்ளுக்கை போகேலாதோ?”

“இதைக் கழட்டி வாசல்லை வைச்சிட்டுப் போக, ஆரும் மாறிப் போட்டுக்கொண்டு போனா நான் என்ன செய்யிறது? வேலை போயிடுமெல்லே.”

“ஆரோ ஒருத்தன் மான் சுட நீர் சாமியை வெளியிலை நிண்டு கும்பிட்டீரோ?”

“சாமிக்கு விளங்கும் அக்கா. மனேஜருக்கு விளங்காதே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஒரு பிரபுவுக்கு பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன். அவர் ‘ஆஹா, நல்ல பிடிப்பு’ என்று பாராட்டினார்.

ஆனால் செல்வம் நடந்த நடைக்கு அந்த பூட்ஸ் பழகியது. தோல் கறுத்து, மடியும் இடத்தில் நல்ல சுருக்கம் விழுந்து, அழகாக இருந்தது. இப்போது செருப்பு மாதிரிக் கிடக்கிறது என்று செல்வமே சொன்னார். அந்த நேரம் பார்த்துத்தான் பட்டு சொக்ஸ்காரர் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். கையில் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி மகிழ்ந்தார். இதைத் தான் பல வருடமாகப் போடுகிறேன் என்று முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று நான் கடைசியாகச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அவர் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடை நிறையச் சனம். ஒரு காலில் சப்பாத்து, கட்டுப் போட்ட மறு காலில் செருப்பு, கையில் பூட்ஸ் பை. வாசலிலிருந்தே அவருடைய குரல் கேட்டது. நடந்ததை அவர் சொல்ல நானும் மனேஜரும் நின்று கேட்டோம். மலையில் பாதி ஏறும்போதே ஒரு குதிக்கால் கிழிந்துவிட்டது. முன்பக்கம் பாதம் ஆடுகிறது, பின்பக்கம் உரசுகிறது. ஒருவழியாக முதலாளி ஒரு மானைச் சுட்டு விழுத்திவிட்டார். விழுந்த மானை மலையிலிருந்து இறக்குவதற்கு அங்கே ஒரு குட்டைக் குதிரையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர் ஒரு அடியும் வைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டபடியால், அந்தக் குதிரையில் மானுக்குப் பதில் இவரை ஏற்றினார்கள். முதலாளியின் மான் மழைக்குள் மலையிலேயே கிடந்ததாம்.

நான் சிரிக்கவில்லை. பிள்ளைகளே, இந்த வேலையில் நான் பட்ட பாடுகளிலெல்லாம் பெரிய பாடு அந்த இடத்தில் சிரிக்காமல் நின்றதுதான்.

பங்காளியாகும் கனவு போயிற்று என்பது அவருக்கே விளங்கியிருந்தது. அதற்கு யாராவது ஒருவர் தலை கொடுக்க வேண்டும். ‘எவனோ ஒருவன் தாறுமாறாக நடந்து என் பூட்ஸைக் கெடுத்துவிட்டான். அவன் இனி இந்தக் கடையில் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் எவரும் இங்கே காலடி வைக்கமாட்டார்கள்’ என்றார். எங்கள் மனேஜர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? ‘நிச்சயமாக’ என்றார். உடனே ஆள் அனுப்பிச் செல்வத்தை மேலே கூப்பிட்டார்.

செல்வம் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கதை ஏற்கெனவே கீழே போயிருந்தது. என்னைப் பார்த்து மெல்லிய குரலில், “அக்கா, விசா அலுவலா கடைக்கு ரெலிபோன் எடுப்பினம் எண்டவை. இந்தக் கிழமைதான்” என்றார்.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசியுங்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பூட்ஸை எடுத்துக் காட்டி, தோலின் குணத்தை விளக்கி, நான் அன்றே ஒன்பது என்று சொன்னேனே என்று வாதாடுவீர்கள். வாதத்தில் வெல்லவும் வெல்வீர்கள். சனத்தின் முன்னால் தோற்ற அந்த மனிதர் இன்னும் வெறி பிடித்து நிற்பார், செல்வம் சீட்டுக் கிழிந்து வீட்டுக்குப் போவார். மற்றக் கால்வாசிப் பேர் மன்னிப்புக் கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அப்போதும் செல்வம்தான் போவார். கோபமாக வருகிற ஆளிடம் சாமானைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் எதற்குக் கோபப்படுகிறார் என்றும் தேடாதீர்கள், அதை அவரே கத்திச் சொல்லுவார். எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். எனக்கும் அந்த நேரம் இவ்வளவு தெளிவாக ஓடவில்லை. செல்வத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பட்டு சொக்ஸ்காரர் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது.

நான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். வழக்கம்போல முழங்காலில் இருந்து, அவருடைய கட்டுப் போட்ட காலைப் பக்குவமாகத் தூக்கிச் சிறு முக்காலியில் வைத்தேன். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

“ஐயா, உங்கள் முதலாளியுடைய பழைய பூட்ஸ் அடித்தட்டு மாற்றக் கீழே வந்திருக்கிறது. அதை வாங்க அவரே நேரில் வருவார். செல்வம்தான் அவருக்கு எப்போதும் எடுத்துக் கொடுப்பது. செல்வம் எங்கே, ஏன் போனார் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படியே சொல்லுகிறேன்.”

அந்த முகத்தில் நிறம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல வருடப் பழைய பூட்ஸ் என்று அளந்துவிட்ட கதை, ஒரு கடைச் சிப்பந்தி போட்டுத் தேய்த்த புது பூட்ஸ் என்று வெளியே வந்தால், குதிரையில் இறங்கிய கதையை விட அது கேவலம். பிறகு மனேஜரைப் பார்த்து, யோசித்துப் பார்த்தால் பூட்ஸில் பிழை இல்லை, தன் காலில்தான் சின்ன வயதிலிருந்தே ஏதோ கோளாறு என்றார். பூட்ஸ் பையை அங்கேயே விட்டுவிட்டு நொண்டி நொண்டிப் போய்விட்டார். எங்கள் மனேஜர் வாசல்வரை ‘நிச்சயமாக, நிச்சயமாக’ என்று சொல்லிக்கொண்டே போனார்.

செல்வம் கீழே போய்ப் பெட்டி கட்டினார். அந்த வாரமே விசாக்காரர்களின் ரெலிபோன் வந்தது. ஓம், இங்கேதான் வேலை, நிரந்தர வேலை என்று மனேஜரே சொன்னார். அதை மட்டும் அந்த மனிதரின் கணக்கில் நான் நன்மையாக எழுதுவேன்.

நன்மை வென்றது என்று இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் முதலாளி வந்த கதையைச் சொல்லாவிட்டால் வேட்டைக்காரர்களைப் பற்றி நீங்கள் நல்ல எண்ணத்தோடு போய்விடுவீர்கள்.

சில வாரம் கழித்து அவர் தன் பழைய பூட்ஸை எடுக்க வந்தார். உயர்ந்த மனிதர், மெதுவான பேச்சு. வரும்போதே சிரித்துக்கொண்டு, ‘அந்தப் பையனின் பூட்ஸைப் போட்டு நடந்தவர் யார்?’ என்று கேட்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையில் அவர்களுக்கு வழிகாட்டியாகப் போன ஆள், பூட்ஸில் விழுந்த சுருக்கத்தைப் பார்த்தவுடனேயே, இது வேறு யாருடைய காலோ என்று சொல்லிவிட்டானாம். பட்டு சொக்ஸ்காரர் இங்கே வந்து எதற்குப் பயந்தாரோ அது ஸ்கொட்லாந்திலேயே நடந்து முடிந்திருந்தது. பாவி, ஒன்றும் தெரியாமல் வந்து பயந்திருக்கிறார்.

சரி, முதலாளி இப்போது அந்தப் பித்தலாட்டத்தைக் கண்டிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. தன் பாட்டனாரின் பூட்ஸை வேலைக்காரன்தான் போட்டுப் பழக்கினானாம். காலைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யத் தெரியாததுதான் அந்தப் பையனின் முட்டாள்தனமாம். ‘நடை மிகவும் நன்றாக இருந்தது. எனக்கும் ஒரு புது ஜோடி வேண்டும். அதே ஆளைக்கொண்டு பழக்கித் தாருங்கள். என் பாதம் ஒன்பது, அகலம்’ என்றார். அதுதான் வேட்டைக்காரர்களின் நாகரிகம். ஒருவன் பொய் சொல்லிக்கொண்டு செய்வதை மற்றவன் வெட்கமில்லாமல் செய்வான்.

மனேஜர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை. செல்வத்தை மேலே கூப்பிட்டார்கள். செல்வத்தின் எட்டு அளவுக் காலுக்கு இரண்டு சொக்ஸ் போட்டு அந்த ஒன்பதை நிரப்ப வேண்டும் என்று மனேஜர் விளக்கினார். இனி எத்தனை வெள்ளிக்கிழமை இந்தப் பொடியன் கோயில் வாசலில் நிற்பார் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எப்போதும் போல ஓம் என்று தலையாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் செல்வம் முதலாளியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:

“மன்னிக்க வேண்டும், சேர். முடியாது. அடுத்த மாதம் என் மனைவி வருகிறாள். நான் அவளோடு நடக்க வேண்டும். என்னுடைய சப்பாத்தில்.”

விசா கிடைத்த செய்தியை எனக்குக்கூட அவர் அதுவரை சொல்லவில்லை. சனத்தின் நடுவில் அழக்கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மனேஜருக்கு முகம் வெளுத்துப்போனது. முதலாளிக்கு ‘முடியாது’ என்று ஒருவர் தன்னிடம் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கோபிக்கவில்லை, வாழ்த்துச் சொன்னார். பிறகு, வேறு கால் இருக்கிறதா என்று தேடுகிறவர் போலச் சுற்றிப் பார்த்தார். பார்வை மனேஜரின் பாதங்களில் வந்து நின்றது.

“உங்களுடையது என்ன அளவு?”

மனேஜரின் பாதம் ஒன்பது, அகலம். பிறந்ததிலிருந்து ‘முடியாது’ என்ற சொல்லைப் பழகாத மனிதர். அவருக்கு வேறு என்ன சொல்ல வரும்?

செல்வத்தின் மனைவி வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் விடுமுறை நாள், இருவரும் லண்டன் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள். எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவையும் செல்வம் காட்டியிருக்கிறார். மழை தூறிக்கொண்டிருந்ததாம். குளத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக்காரர், கோட்டும் கழுத்துப் பட்டியுமாக, காலில் பெரிய வேட்டை பூட்ஸோடு, பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டி நொண்டிச் சுற்றுக்கு மேல் சுற்றாக நடந்துகொண்டிருந்தாராம். அடுத்த நாள் வந்து செல்வம்தான் எனக்குச் சொன்னார்.

“ஆர் இந்தாள், பாவம், கால் ஏலாமல் நடக்கிறார் எண்டு கேட்டவ அக்கா. அவர்தான் எங்கடை மனேஜர் எண்டு சொன்னனான்.”

பாவம் என்று சொன்னாளாம். நேற்று வந்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.